இரண்டு விரல் கூடின சேணம்

போன சனிக்கிழமை, ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில், பேத்திக்கு மாரிச் சப்பாத்து வாங்கப் போனோம். பேத்திக்கு ஐந்து வயது. ஒரு காலை நீட்டிக்கொண்டு, மற்றக் காலால் கடைக்காரப் பிள்ளையின் முழங்காலில் உதைந்துகொண்டிருந்தாள். மனைவி சப்பாத்தைப் போட்டு, குதிக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "அளவாக் கிடக்கு. ரெண்டு சைஸ் கூட எடுங்கோ, வளர்ற பிள்ளை" என்றாள். நான் அளவான சோடியை எடுத்தேன். பிறகு இரண்டு சைஸ் கூடின சோடியையும் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன்.

"விசரே உங்களுக்கு? ஆரும் ரெண்டு சோடி வாங்குவினமே?" என்று தொடங்கியவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திவிட்டாள். அவளுக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது. அதனால் வீட்டுக்கு வந்தபிறகு மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்கு வயசு போட்டுது, இனித் தனியக் கடைக்கு விடக்கூடாது" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். சொல்லட்டும். உங்களுக்குக் காரணத்தைச் சொல்கிறேன், நீங்களாவது கேளுங்கள்.

அந்தக் கடையில் இருந்த சப்பாத்துகளில் முக்கால்வாசி றப்பரும் பிளாஸ்ரிக்கும்தான். ஒரேயொரு சோடி உண்மையான தோல். அதை எடுத்து மூக்கடியில் பிடித்ததுதான் நான் விட்ட பிழை. ஈரத்தோல், தேன்மெழுகு, மாட்டுக்கால் எண்ணெய், மரத்தூள் எல்லாமாகச் சேர்ந்த ஒரு மணம் இருபது வருசத்துக்கு அப்பால் இருந்து வந்து நெஞ்சில் இடித்தது. ஒஸ்லோவில் ஆற்றங்கரைக்குக் கிட்ட, ஒரு பழைய கட்டடத்தின் பின்வளவில் இருந்த சேணப் பட்டறையின் மணம் அது.

ஓம், சேணம்தான். குதிரைக்குப் போடுவது. அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ராசாக்களின் கதையில் படித்ததோடு சரி. ஊரில் நான் குதிரையைக் கண்டதே இல்லை. அப்படிப்பட்டவனை, வேலை தேடித்தரும் கந்தோரில் இருந்த பெண், "மரவேலை தெரியும் என்று எழுதியிருக்கிறாயே" என்று கேட்டு, மூன்று மாதப் பயிற்சிக்கு அங்கே அனுப்பிவிட்டாள். மூன்று மாதம் எட்டு வருசமாகிப் போனது.

பட்டறை இங்குன் என்ற பெண்ணுடையது. என் வயதுதான் அவளுக்கும், முப்பத்தைந்து, முப்பத்தாறு. சின்ன வயதில் அமெரிக்காவுக்குப் போய், மாட்டுப்பண்ணைக்காரர் பாவிக்கும் பழைய மாதிரிச் சேணம் கட்டப் பழகி வந்தவள். முன்னுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு. பின்னுக்கு உயரமான சாய்வு. ஏறி இருந்தால் சாய்மனைக் கதிரை தோற்றுப்போகும். நோர்வேயில் இதை ஆர் வாங்குவினம் என்று நானும் முதலில் நினைத்தேன். வாங்கினார்கள். வருசத்துக்கு ஏழெட்டுத்தான் செய்வோம். ஒன்றுக்கு இரண்டு மூன்று மாதம் எடுக்கும். இங்குன் அளந்து கதைப்பவள். காலையில் "மூர்ன்" என்பாள், பின்னேரம் "நாளைக்குச் சந்திப்பம்" என்பாள். இடையில் சுத்தியல்தான் கதைக்கும்.

தோல் வேலை அவளுடையது, மரம் என்னுடையது. சேணத்துக்கு உள்ளே ஒரு மரக்கூடு இருக்கிறது, அதுதான் அதன் எலும்பு. அதைச் செதுக்கி, அதன்மேல் பதனிடாத பச்சைத்தோலை ஊறவைத்து இழுத்துத் தைத்து விடுவோம். காய்ந்தால் இரும்புதான். பிறகு இங்குன் நல்ல தோலை நனைத்து, கையாலும் எலும்புத் துண்டாலும் அழுத்தி அழுத்தி அதன்மேல் படியவைப்பாள். மெழுகு பூசின ஒரு நூலுக்கு இரண்டு ஊசி, இரண்டு பக்கமும் போய்வரும் தையல். மரக்கூடு பிழைத்தால் மேலே எது செய்தாலும் பிழைதான். முதல் வருசம் நான் செதுக்கியதையெல்லாம் அவள் அளந்து பார்ப்பாள். பிறகு அதை விட்டுவிட்டாள். எனக்குப் பின்னால் ஒருவரும் அளந்து பார்ப்பதில்லை என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

ஆனால் அந்தப் பெருமையை வெளியில் விடமுடியாது. "தோல் வேலை எண்டு சொல்லிப்போடாதேங்கோ, சனம் ஒருமாதிரிப் பாக்கும்" என்று மனைவி முதல் கிழமையே சட்டம் போட்டுவிட்டாள். கோயிலில் கேட்டால் மரவேலை. ஊருக்கு ரெலிபோன் எடுத்தால் மரவேலை. பொய் என்று சொல்லமுடியாது, அரைவாசி உண்மை. தோல் மணம் சாமிப்படத்துக்கு ஆகாதென்று வெள்ளிக்கிழமைகளில் என் ஜாக்கெற் வெளியில் பல்கனியில்தான் தொங்கும், பனியென்றாலும் மழையென்றாலும். நாங்கள் மறைப்பதில் கெட்டிக்காரர். இதை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு வரும்.

வடிவேல் அண்ணை வந்தது ஒரு ஏப்ரல் மாதம், முற்றத்துப் பனி கரைந்து ஊத்தைத் தண்ணியாக ஓடிக்கொண்டிருந்த நேரம். மட்டக்களப்பு ஆள். ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர், லோறென்ஸ்கூக்கில் வீடு. ஒரே பிள்ளை, ஆரணி, பதினொரு வயது. வாசலில் நின்று உள்ளே பார்த்தவர், என் முகத்தைக் கண்டதும் திடுக்கிட்டுப் போனார். நான் என்ன நினைத்தேன்? சரி, தோல் வேலை செய்கிறவன் என்று முகத்தைச் சுழிக்கிறார் என்றுதான் நினைத்தேன். எனக்கு அதுதானே எப்பவும் பயம்.

"தம்பி யாழ்ப்பாணமா?"

"ஓமண்ணை. நீங்கள்?"

"மட்டக்களப்பு. மகளுக்கு ஒரு சேணம் செய்யணும். அவ குதிரை ஓடப் பழகுறாவு." அதோடு என்னை விட்டுவிட்டு இங்குனிடம் போய்விட்டார். இருவரும் ஜன்னலடியில் நின்று நோர்வேஜிய மொழியில் கனநேரம் மெதுவாகக் கதைத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. தமிழன் ஒருவன் இங்கே குத்துக்கல்லாக நிற்க, அவர் போய் வெள்ளைக்காரியோடு குசுகுசுக்கிறார்.

அவர் போனபிறகு இங்குன் அளவுத் துண்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். கொம்பில் இருந்து பின்சாய்வு வரைக்கும் பன்னிரண்டரை அங்குலம். அதன் கீழே இரண்டு கோடு அடித்திருந்தாள்.

"இதே அளவு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். கோடை தொடங்க முதல் முடிக்கவேணும்."

"பதினொரு வயசுப் பிள்ளைக்கோ? அடுத்த வருசம் காணாதே?"

"இதே அளவு" என்றாள் திரும்பவும். தன் மேசைக்குப் போய்விட்டாள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பதினைந்து வயதுவரை என் அளவில் ஒரு உடுப்பு நான் போட்டதில்லை. பள்ளிக்கூடக் காற்சட்டை முழங்காலுக்குக் கீழே நிற்கும், இடுப்பில் ஊசி குத்தியிருக்கும். சப்பாத்து நுனிக்குள் கடதாசி அடைத்திருக்கும். அது அளவுக்கு வரும் காலத்தில் கிழிந்துபோகும், பிறகு அடுத்த பெரிய சோடி. நோர்வேக்கு வந்து முதல் மாரிச் சப்பாத்தையும் இரண்டு சைஸ் கூடத்தான் வாங்கினேன், இருபத்தெட்டு வயதில்! வளரப் போகிறேன் என்ற நினைப்போ என்னவோ. எங்கள் வீடுகளில் பிள்ளைக்கு அளவாக வாங்குவது என்பது ஒரு மாதிரி அபசகுனமான காரியம். பிள்ளை வளராது என்று சொல்வது மாதிரி. அம்மா கடைக்காரரிடம் அளவான சட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "என்ரை பிள்ளை வளரும்" என்றுதான் சொல்லுவா.

ஆகவே நான் என்ன செய்தேன் என்று உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். மரக்கூட்டைப் பதினாலு அங்குலத்துக்குச் செதுக்கினேன். கூட ஒன்றுமில்லை, இரண்டு விரல்தான். ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு நான் செய்கிற உபகாரம். இரண்டு மூன்று வருசத்துக்கு அந்த மனிசன் அடுத்த சேணத்துக்கு அலையத் தேவையில்லை. வெள்ளைக்காரிக்கு எங்கள் பழக்கம் விளங்காது, அண்ணைக்கு விளங்கும். ஏறி இருந்து பார்க்கும் நாளில் சொல்லிச் சிரிக்கலாம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். பச்சைத்தோல் போர்த்திக் காய்ந்தபிறகு இங்குன் அதை வாங்கி, வழக்கம்போல அளக்காமல், தன் வேலையைத் தொடங்கினாள். சாய்வின் விளிம்பில் சின்னச் சின்ன இலைகளைச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தாள். அவள் கட்டினதிலேயே வடிவான சேணம் அது.

ஜூன் நடுப்பகுதியில், லோறென்ஸ்கூக்குக்கு அப்பால் காட்டோரத்தில் இருந்த குதிரை லாயத்துக்குக் கொண்டுபோனோம். கட்டையான, மஞ்சள் நிறக் குதிரை ஒன்று நின்றது. ஆரணி மெலிந்த பிள்ளை, இரட்டைப் பின்னல், முழங்காலில் ஒட்டுப்பிளாஸ்ரர். நடக்கும்போது இடுப்பை ஒருமாதிரி ஆட்டி ஆட்டி நடந்தாள். குதிரை ஓடுகிற பிள்ளைகளின் நடை அது என்று நினைத்துக்கொண்டேன். முட்டாள்!

"மாமா, இது என்ட சாலா?" என்று கேட்டாள். இங்கே சேணத்துக்குச் சால் என்று பெயர்.

"ஓமடா செல்லம், உன்ரைதான்."

வடிவேல் அண்ணை அவளைத் தூக்கி இருத்தினார். பிள்ளை கொம்பைப் பிடித்தாள். குதிரை இரண்டு அடி வைத்ததும், அவள் இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. நிமிர்ந்தாள், மற்றப் பக்கம் சரிந்தது. லாயத்துப் பெண் ஓடிவந்து பிடித்தாள். இங்குன் போய், பிள்ளையின் முதுகுக்கும் சாய்வுக்கும் இடையில் கையை விட்டுப் பார்த்தாள். இரண்டு விரல் தாராளமாகப் போனது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என் முகத்தில் அறையவேண்டும் போல இருக்கும். சிரித்துக்கொண்டு, "வளர்ற பிள்ளைதானே அண்ணை, அதுதான் ரெண்டு விரல் கூட விட்டனான். மூண்டு வருசத்துக்குக் கவலையில்லை" என்றேன்.

வடிவேல் அண்ணை குதிரையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்கலாம். குரலைத் தாழ்த்தி, மகளுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"அவவுக்குத் தசை நோய் தம்பி. கால் வரவர இழுத்துக்கிட்டுப் போகுது. இந்தக் கோடைக்கு மட்டும்தான் ஏறலாம் எண்டு டொக்டர் சொல்லிட்டார். பின்னால இறுக்கமாப் பிடிச்சாத்தான் அவவால இருக்க ஏலும். அதுக்குத்தான் இந்த மாதிரிச் சேணம் தேடி வந்த நான்."

பிள்ளைக்குக் கேட்டிருக்கவேண்டும். அல்லது அவளுக்கு எல்லாம் முன்னமே தெரிந்திருக்கவேண்டும். சரிந்துபோய் இருந்தபடியே சொன்னாள்: "அப்பா, மாமாவப் பேசாதீங்க. மாமாதான் சரியா அளந்திரிக்கார். நான் வளருவன்தானே?"

அண்ணை அவளை நிமிர்த்தி இருத்தினார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே விழுந்துவிட்டால் நல்லது என்று இருந்தது.

ஆட்டுத்தோல் மடித்து வைத்துப் பார்த்தோம், பஞ்சு வைத்துப் பார்த்தோம். வைத்தால் பிள்ளை முன்னுக்குத் தள்ளுப்பட்டாள், கால், மிதித்து நிற்கும் அங்கவடிக்கு எட்டவில்லை. மரமே பின்னால் வந்து பிடிக்கவேண்டும். மரத்தைச் சுருக்கமுடியாது, முதலில் இருந்து வேறு செய்யவேண்டும். பட்டறைக்குத் திரும்பினபிறகு இங்குனிடம் கேட்டேன்.

"ஏன் எண்டு நீ ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொல்ல எனக்கு உரிமை இல்லை. உன்னிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டவர் அவர்தான்." பிறகு சொன்னாள்: "நானும் அளந்து பார்த்திருக்கவேணும். உன்னை நம்பி விட்டிட்டன்."

அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அண்ணை ஏன் என்னிடம் மறைத்தார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. வாசலில் அவர் திடுக்கிட்டது என் வேலையைக் கண்டு அல்ல. தமிழன் ஒருவனுக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் முழுக்கத் தெரியும். ஐயோ பாவம் என்பார்கள், ஆரின் பக்கத்தில் இருந்து வந்த வருத்தம் என்று கிண்டுவார்கள், பிள்ளையின் காதுபடக் கதைப்பார்கள். அவர் நினைத்தது பிழை என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். நான் தோலை மறைத்தேன், அவர் பிள்ளையின் வருத்தத்தை மறைத்தார். இரண்டு மறைப்பும் அந்த மரக்கூட்டில் வந்து முட்டிக்கொண்டன.

ஜூலை விடுமுறை என்றால் இந்த நாட்டுக்காரருக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியும். நாடே மூடிக்கிடக்கும். இங்குன் கடற்கரைக்குப் போகும் பயணத்தை விட்டுவிட்டுப் பட்டறையில் நின்றாள். நான் மரம் செதுக்கினேன். பன்னிரண்டரை அங்குலம், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அளந்தேன். ஆனால் மரம் என் அவசரத்துக்கு ஆடாது. பச்சைத்தோல் மெல்லத்தான் காயும், அடுப்படியில் வைத்தால் கோணிவிடும். அந்த வருசம் பார்த்து மழை. காயாத தோலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நான் அழுதிருக்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வீட்டில் மனைவி, "என்ன, ஆரும் செத்துப்போச்சினமே?" என்று கேட்டாள். வேலை கூட என்று சொல்லிவிட்டேன். மனைவியிடமும் சொல்லாமல் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் ஆரணியின் வருத்தம்தான்.

செப்டெம்பர் முதல் கிழமை முடிந்தது. ஆரணியை இருத்தினோம். ஒரு விரலும் போகவில்லை. குதிரை நடந்தது, பிள்ளை நிமிர்ந்து இருந்தாள். காட்டோரமாக ஒரு வட்டம் போய், மரங்களுக்குப் பின்னால் மறைந்து, திரும்பி வந்தாள். வடிவேல் அண்ணை கைதட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஏறினாள். நாலாவது ஞாயிறு முழங்கால் பிடி விட்டுவிட்டது. அதற்குப் பிறகு சக்கரக் கதிரைதான். கோடை முழுவதும் ஏறியிருக்கவேண்டிய பிள்ளை. நானும் எண்ணாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஜூன் நடுவில் இருந்து செப்டெம்பர் வரைக்கும் பதினொரு ஞாயிறு. பதினொன்றையும் நான்தான் தின்றேன். அண்ணையிடம் போய்ச் சொன்னேன். "மூணு ஞாயிறு ஏறினாவு தம்பி, அது காணும்" என்றார். அவருக்குக் காணாது என்று எனக்குத் தெரியும்.

பெரிய சேணத்தைப் பிரித்துத் தோலை வேறு ஒன்றுக்குப் பாவிக்கலாம் என்று இங்குன் எடுத்து வைத்திருந்தாள். ஆரணி விடவில்லை. "அதை உடைக்க வேணாம். அது நான் பெரிசானாப் போடுற" என்று அடம்பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். லோறென்ஸ்கூக்கில் அவளுடைய அறையில் ஜன்னலடியில் அது இருந்தது. சனிக்கிழமைகளில் அண்ணை அதைத் தூக்கி அவள் மடிக்கு எட்ட வைப்பார், அவள் துணியால் எண்ணெய் பூசுவாள். எண்ணெய் முடிந்தால் என்னைத்தான் கேட்பாள், நானும் கொண்டுபோய்க் கொடுப்பேன். டொக்டர்மார் அளந்தார்கள், பள்ளிக்கூடத்தில் அளந்தார்கள், கதிரைக்கு அளந்தார்கள். எல்லாரும் அன்றைய அளவைத்தான் எடுத்தார்கள். அவள் வளருவாள் என்று நினைத்துச் செய்தது அந்த ஒன்றுதான் என்று ஒருநாள் அவளே சொன்னாள். அதைக் கேட்டுச் சந்தோசப்படுவதா அழுவதா என்று தெரியாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏழு வருசம் போனபிறகு, பட்டறைக் கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. பட்டறையின் கடைசிக் கிழமை. மேசைகளைக் கழற்றிக்கொண்டிருந்தோம். முற்றத்தில் வான் ஒன்று வந்து நின்றது. ஆரணிக்கு அப்போது பதினெட்டு வயது. கைவிரல்கள் மட்டும் மெல்ல அசையும், கண்ணில் பழைய குறும்பு அப்படியே இருந்தது. வடிவேல் அண்ணை பின்கதவைத் திறந்து பெரிய சேணத்தை இறக்கினார்.

"மாமா, ஒருக்கா ஏத்தி விடுங்க. குதிரை வேணாம், மரக்குதிரை காணும்."

சேணத்தை வைத்துத் தைக்கும் மரத்தாங்கியில் அதை இறுக்கினோம். அண்ணை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இங்குன் முதுகுக்கு. மூன்று பேரும் சேர்ந்து தூக்கி இருத்தினோம். இருத்திவிட்டுப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"விரல் விட்டுப் பாருங்க மாமா."

நான் முதுகுக்கும் சாய்வுக்கும் இடையில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு விரலும் போகவில்லை.

"அளவோ?"

"அளவடா செல்லம். அச்சொட்டு."

"சொன்ன நான்தானே" என்று சிரித்தாள். "கையை எடுங்க." எடுத்தோம். அவள் சரியவில்லை. அந்தச் சேணம் அவளைப் பிடித்துக்கொண்டது. இங்குன் ஊற்றி வைத்த கோப்பி ஆறும்வரைக்கும் அப்படியே இருந்தாள், முன்னுக்குப் பார்த்துக்கொண்டு. நான் தோல் ஊறவைக்கும் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இரண்டு மாரி கழித்து, சளி நெஞ்சில் இறங்கி ஆரணி போய்விட்டாள். செத்தவீட்டில்தான் மனைவிக்கு முழுக்கதையும் தெரியவந்தது. ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை என் ஜாக்கெற்றைப் பல்கனியில் இருந்து எடுத்து உள்ளே தொங்கவிட்டாள். அப்போது எனக்குத் தோல் வேலையே இல்லை, அந்த ஜாக்கெற்றில் மணமும் போய்விட்டது.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஆறு மாடிக் கட்டடம் நிற்கிறது, கீழே ஒரு கோப்பிக்கடை. இங்குன் வடக்கே எங்கேயோ போனாள், இரண்டு நத்தாருக்கு வாழ்த்து அட்டை வந்தது, பிறகு இல்லை. லாயமும் இல்லை. சின்னச் சேணத்தை அண்ணை அங்கே மற்றப் பிள்ளைகளுக்கென்று கொடுத்திருந்தார், அது எங்கே போனதோ தெரியாது. அவர் வீட்டை விற்றுவிட்டுப் பேர்கனில் இருக்கும் தம்பியோடு போய் இருக்கிறார். போகும் நாளில் பெரிய சேணத்தைக் காரின் முன் இருக்கையில் வைத்து, பெல்ற்றையும் போட்டுவிட்டார். கதவடியில் நின்றபடி நான் பார்த்தேன். சேணத்தின் இருக்கையில் ஆள் இருந்த தடம் இல்லை. எட்டு வருசம் எண்ணெய் குடித்துக் கறுத்து மினுங்கியது, அவ்வளவுதான்.

அதுதான் இரண்டு சோடி. அளவான சோடியைப் போட்டுக்கொண்டு பேத்தி இப்போது வீட்டு ஹோலுக்குள் ஓடுகிறாள், கழற்றமாட்டாளாம். மற்றப் பெட்டியை அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அடுத்த மாரிக்கு அளவாயிருக்கும். இருக்கவேணும்.